கோடையில் கரைப்பறவைகள்: ஓதம் பார்த்துக் கிளம்புவோருக்கு ஒரு வழிகாட்டி

வெயில் ஏறத் தொடங்கியதும் பறவை பார்ப்பவர்கள் பலர் கடலோரத்தை மறந்துவிடுகிறார்கள். வலசை வந்த கூட்டமெல்லாம் வடக்கே போய்விட்டது, இனி மழைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பைனாகுலரைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். கூட்டம் குறைவது உண்மைதான். ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்ள வருபவருக்கு அந்தக் குறைவே வசதி. குளிர்காலத்தில் ஆயிரம் உள்ளான்கள் சேற்றில் கலந்து மேயும்போது எதைப் பார்ப்பது என்றே புரியாது. ஜூன் மாதத்தில் அதே சேற்றில் பதினைந்து பறவைகள் நிற்கும். ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் பார்க்கலாம்.

இங்கே கோடை என்பது வட அரைக்கோளக் கோடை: வெப்ப நாடுகளில் ஏப்ரல் முதல் ஜூன் வரை, இன்னும் வடக்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. தென் அரைக்கோளத்தில் கணக்கு தலைகீழ். அங்கே கோடையில்தான் வலசைக் கூட்டம் முழுதாக இருக்கும்.

கோடையில் கரையில் யார் யார்

மூன்று வகைப் பறவைகள் இருக்கும். எந்தப் பறவையைப் பார்த்தாலும் இது எந்த வகை என்று முதலில் கேட்டுக்கொண்டால் இனம் காண்பது பாதி முடிந்துவிடும்.

முதல் வகை, அங்கேயே கூடு கட்டுபவை. வெண்மணலில் முட்டையிடும் கெண்டிஷ் உப்புக்கொத்தி, சின்ன ஆலா, சேற்றுத்திட்டில் கூடு வைக்கும் நெடுங்கால் உள்ளான், ஆட்காட்டிகள், அலையாத்திக் காட்டிலும் கரைமரங்களிலும் கூட்டமாகக் கூடு கட்டும் கொக்குகளும் நீர்க்காகங்களும்.

இரண்டாம் வகை, போகாமல் தங்கிவிட்டவை. சிறிய உள்ளான்களில் பல ஒரு வயதிலேயே இனப்பெருக்கத்துக்குப் போய்விடும். பெரிய உடல் கொண்ட கோட்டான் (ஆந்தை அல்ல, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை), மூக்கன், சாம்பல் உப்புக்கொத்தி போன்றவை முதிர்ச்சியடைய இரண்டு, மூன்று ஆண்டுகளாவது ஆகும். ஒரு வயதுப் பறவைக்கு வடக்கே வேலை இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து போய்ச் சும்மா திரும்புவதைவிடக் குளிர்கால இடத்திலேயே கோடையைக் கழித்துவிடும். ஜூனில் மங்கலான சாம்பல் உடையில் நிற்கும் மூக்கனைக் கண்டு நோயாளி, வழி தவறியது என்று பரிதாபப்பட வேண்டாம். அது விடலை. அவ்வளவுதான்.

மூன்றாம் வகை, சீக்கிரம் திரும்பியவை. வட துருவத்தை ஒட்டிய தூந்திரம் என்னும் மரமற்ற உறைநிலத்தில் இனப்பெருக்கக் காலம் மிகக் குறுகியது. கூடு அழிந்துபோன பறவைகள் ஜூன் கடைசியிலேயே தெற்கே கிளம்பிவிடும். கோட்டான் உள்ளான் என்ற சிறு உள்ளானில் அடைகாப்பதும் குஞ்சு பார்ப்பதும் பெண்ணின் வேலை. ஆண் இணைசேர்ந்த கையோடு புறப்பட்டுவிடும். ஜூலையில் வந்து இறங்கும் செங்கல் நிறக் கோட்டான் உள்ளான்கள் பெரும்பாலும் ஆண்களாக இருப்பது அதனால்தான். பெண்கள் பின்னால் வரும். அந்த ஆண்டுக் குஞ்சுகள் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும், வழிகாட்டப் பெற்றோர் இல்லாமலே வந்து சேரும். இந்த இளம்பறவைகளின் திறனைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2022 அக்டோபரில் ஐந்து மாத வயதான ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவில் கிளம்பி 11 நாட்கள் எங்கும் இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. முதுகில் கட்டியிருந்த செயற்கைக்கோள் கருவி அதைப் பதிவு செய்தது.

கடிகாரத்துக்கு முன் ஓத அட்டவணை

காட்டுப் பறவை பார்ப்பவருக்கு விடியல் முக்கியம். கரைப்பறவைக்கு விடியலைவிட ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவது, முக்கியம். நீர் வற்றியிருக்கும்போது போனால் பறவைகள் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், சேற்றின் விளிம்பில், புள்ளிகளாக மேயும். நீர் ஏற ஏற அவை உங்களை நோக்கி நகர்ந்து வரும். உச்ச ஏற்றத்தின்போது மேய இடம் இல்லாமல் மணல்திட்டிலோ உப்பள வரப்பிலோ கூட்டமாக ஒதுங்கி நிற்கும். ஆகவே ஏற்றத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் தொடங்கி ஏற்றம் கழிந்து முக்கால் மணி நேரம் வரை இருப்பதே சிறந்த வேளை.

பெரும்பாலான கடலோரங்களில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிக உயரமாக ஏறி மிகத் தாழ வற்றும். அஷ்டமியை ஒட்டி அந்த வேறுபாடு குறையும்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஓர் இடத்தில் பௌர்ணமி நாட்களின் ஏற்றம் எப்போதும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். உங்கள் கரையில் அது நண்பகல் என்றால், உச்ச ஏற்றத்தைப் பார்க்கக் கொதிக்கும் வெயிலில்தான் நிற்க வேண்டும். ஒரு வாரம் தள்ளிப் போங்கள். நாளுக்கு 50 நிமிடம் வீதம் ஏழு நாளில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நகர்ந்து, ஏற்றம் அதிகாலைக்கும் மாலைக்கும் வந்துவிடும். உயரம் கொஞ்சம் குறைவாக இருக்கும், பறவைகளும் சற்றுத் தள்ளி நிற்கும். ஆனால் கண்ணுக்கும் உடலுக்கும் நல்லது. இரண்டு மூன்று மாத அட்டவணையை முன்னாலேயே எடுத்து, ஏற்றம் காலை 7 முதல் 9 மணிக்குள் விழும் தேதிகளை வட்டமிட்டு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

அட்டவணை துறைமுகத்துக்கானது. கழிமுகத்துக்குள்ளே போகப்போக நீர் தாமதமாக வரும். சில இடங்களில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். முதல் இரண்டு முறை ஒரு குச்சியை நட்டு நீர் எப்போது உச்சம் தொடுகிறது என்று குறித்துக்கொண்டால் உங்கள் இடத்துக்கான திருத்தம் கிடைத்துவிடும்.

ஓத வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவான கரைகளும், மணல் மேடு வாயை அடைத்துவிட்ட உப்பங்கழிகளும் வேறு கதை. அங்கே நிலவைவிடக் காற்றும் ஆவியாதலும்தான் நீர்மட்டத்தைத் தீர்மானிக்கும். கோடையில் உப்பங்கழி சுருங்கி, கடைசிக் குட்டைகளில் மீன்கள் மாட்டிக்கொள்ளும். கொக்கு, நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா எல்லாம் அந்தக் குட்டையைச் சுற்றி ஒரு வாரம் பத்து நாள் கூடியிருக்கும். பிறகு குட்டை காய்ந்ததும் ஒன்றுகூட இருக்காது. இதை அட்டவணை சொல்லாது, அடிக்கடி போய்ப் பார்ப்பதுதான் வழி.

உப்பளம் அருகில் இருந்தால் அதை விடாதீர்கள். பாத்திக்குப் பாத்தி உப்புத்தன்மை மாறும், அதோடு பறவைகளும் மாறும். கடல்நீர் முதலில் வந்து நிற்கும் பாத்தியில் மீன் உண்டு, ஆகவே கொக்கும் ஆலாவும் அங்கே. அடுத்தடுத்த பாத்திகளில் உப்பு ஏறி மீன் வாழ முடியாமல் போக, உவர்நீர் இறாலும் உப்பு ஈக்களும் பெருகும். நெடுங்கால் உள்ளானும் பூநாரையும் அங்கே. உப்பு படியத் தொடங்கிவிட்ட கடைசிப் பாத்தியில் இரை இல்லை, ஆனால் ஏற்றத்தின்போது ஒதுங்கி நிற்க அதைப் பல பறவைகள் பயன்படுத்தும். உப்பளம் வேலை நடக்கும் இடம். அனுமதி கேட்டுப் போங்கள், பாத்தி வரப்பை மிதித்து உடைக்காதீர்கள்.

கருவி

தொடங்குபவருக்கு 8x42 பைனாகுலர் போதும். முன் எண் உருப்பெருக்கம், பின் எண் முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். கரையோரத்துக்கு 10x42 வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. கை நடுங்காதவருக்கு அது சரி. காற்று அடிக்கும் வெளியில் 10 மடங்கு நடுக்கமும் பத்து மடங்காகும் என்பதை வாங்குமுன் யோசியுங்கள். கண்ணாடி அணிபவர் கண்விலகு தூரம் (கண்வில்லையிலிருந்து கண் விலகியிருந்தாலும் முழுக் காட்சி தெரியும் தூரம்) 16 மில்லிமீட்டருக்குக் குறையாத கருவியாகப் பார்த்து, கண்வில்லையைச் சுற்றியுள்ள கண்குவளையை உள்ளே திருகி வைத்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் காட்சி ஒரு துளை வழியே பார்ப்பதுபோல் சுருங்கிவிடும்.

புதியவர்கள் "தெளிவாகத் தெரியவில்லை" என்று சொல்லும் பல பைனாகுலர்களில் கோளாறு ஒன்றும் இல்லை, கண்ணுக்கு ஏற்பச் சரிசெய்யாததுதான். வலது குழாயை மூடிக்கொண்டு, தூரத்தில் உள்ள ஒரு கம்பத்தை இடது கண்ணால் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். பிறகு இடது குழாயை மூடி, அதே கம்பத்தை வலது கண்ணால் பார்த்து, வலது கண்வில்லைக்குக் கீழே உள்ள வளையத்தை மட்டும் திருகுங்கள். வளையம் நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நடுச் சக்கரம் மட்டும் போதும்.

தொலைநோக்கியும் முக்காலியும் கரைப்பறவைக்கு உண்மையிலேயே பயன்படும். ஆனால் முதல் கோடையில் கட்டாயமில்லை. வாங்கினால் முன்கண்ணாடி 65 மில்லிமீட்டருக்குக் குறையாமல், 20 முதல் 60 மடங்கு வரை மாற்றக்கூடியதாக இருக்கட்டும். அந்த 60-ஐ நம்பி ஏமாற வேண்டாம். கோடையில் காலை ஒன்பது மணிக்கே சேற்றின் மேல் கானல் ஆடத் தொடங்கிவிடும். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் கானலும் சேர்ந்து பெருகும். 20 அல்லது 25 மடங்கில் வைத்துக்கொள்ளுங்கள். நின்றபடி பார்க்காமல் முக்காலியைத் தாழ்த்தி உட்கார்ந்து பார்த்தால் காற்றில் ஆடாது. ஆனால் தரைக்கு மிக அருகே போகப்போகக் கானல் அதிகம் என்பதால், வெயில் ஏறிய பிறகு வரப்பு மேலே ஏறி உயரத்திலிருந்து பார்ப்பதே மேல்.

கொசு விரட்டி பூசிய கையால் கருவியைத் தொடாதீர்கள். டீட் என்ற வேதிப்பொருள் கலந்த விரட்டிகள் சில பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களைக் கரைத்துப் பிசுபிசுப்பாக்கிவிடும்.

ஒரு காலை, படிப்படியாக

ஏற்றம் காலை 8.30 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம்.

1. 5.45-க்கு இடத்தை அடையுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கிழக்கு நோக்கிய கரை என்றால் இது எளிதல்ல. கழிமுகத்தின் கிழக்குப் பக்கத்துக்குப் போய் உள்நோக்கிப் பாருங்கள், அல்லது மாலை ஏற்றத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான்.

2. நின்றவுடன் பைனாகுலரைத் தூக்காமல் ஐந்து நிமிடம் வெறுங்கண்ணால் பாருங்கள். எந்தப் பக்கம் அசைவு, நீர் விளிம்பு எங்கே, நாய் இருக்கிறதா, மீனவர்கள் எந்த வழியில் நடக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துகொள்ளத்தான். பறவைகள் அன்றாடம் பார்க்கும் மனித நடமாட்டத்துக்குப் பழகியிருக்கும். அந்தத் தடத்தை ஒட்டியே நீங்களும் நின்றால் கலையாது.

3. 6.15 முதல் இடமிருந்து வலமாக ஒரு முறை மெல்ல அலசுங்கள். முதலில் நீர் விளிம்பு, பிறகு சேறு, பிறகு மேட்டு மணல். இந்தச் சுற்றில் பெயர் தேட வேண்டாம். பெரியது, நடுத்தரம், சிறியது என்று எத்தனை எத்தனை என எண்ணிக்கொள்ளுங்கள்.

4. அருகில் உள்ள ஒன்றைத் தேர்ந்து பத்து நிமிடம் அதையே பாருங்கள். அலகு தலையைப்போல எத்தனை மடங்கு நீளம், காலின் நிறம், மேயும் விதம், பறக்கும்போது இறக்கையிலும் முதுகிலும் வால்மேலும் எங்கே வெள்ளை. குறிப்பேட்டில் கோணல்மாணலாக வரைந்துகொள்ளுங்கள். படம் எடுப்பதைவிட வரைவது கண்ணைக் கவனிக்க வைக்கும்.

5. 7.15 முதல் நகராதீர்கள். நீர் ஏறிப் பறவைகள் நெருங்கி வரும் நேரம் இது. இந்தச் சமயத்தில் இடம் மாறி நடந்து மொத்தக் கூட்டத்தையும் கிளப்பிவிடுவது புதியவர்கள் செய்யும் பெருந்தவறு.

6. 8.30-க்குக் கூட்டம் ஒதுங்கி நிற்கும். ஒற்றைக்காலில், அலகை முதுகில் செருகி. எண்ணுவதற்கு இதுவே நேரம். முதலில் பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணால் அளந்து, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் வரிசையாக வைத்துக்கொண்டே போங்கள். இரண்டு முறை எண்ணி, வேறுபாடு பெரிதாக இருந்தால் மூன்றாம் முறை.

7. 9.15-க்குக் கிளம்புங்கள். அதற்குமேல் கானல் உங்களுக்கு எதையும் காட்டாது.

பெயர் கண்டுபிடித்தல்

கோடையில் நிறத்தை முதல் அடையாளமாக வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஜூலையில் ஒரே திட்டில் நிற்கும் மூன்று பட்டைவால் மூக்கன்களில் ஒன்று கழுத்து முதல் வயிறு வரை செம்பழுப்பாக, ஒன்று சாம்பலாக, இன்னொன்று சிவப்புத் திட்டுகள் உதிர்ந்த பழைய சட்டைபோல இருக்கும். மூன்றும் ஒரே இனம்.

மேயும் விதம் நிறத்தைவிட நம்பத்தகுந்தது. உப்புக்கொத்திகள் கண்ணால் இரை தேடுபவை. கொஞ்சம் ஓடும், சட்டென நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். பெரிய கண், குட்டை அலகு. உள்ளான்களும் மூக்கன்களும் தொட்டு அறிபவை. அலகின் நுனியில் நரம்புகள் செறிந்திருக்கும். தையல் இயந்திரம்போல் சேற்றில் குத்திக்கொண்டே நடக்கும். மூக்கனால் அலகு முழுவதும் சேற்றுக்குள் புதைந்திருக்கும்போதே நுனியை மட்டும் திறந்து புழுவைப் பற்ற முடியும். அலையோடு போட்டிபோட்டு ஓடும் வெளிறிய சிறு பறவைக் கூட்டத்தைக் கண்டால் அது மணல் உள்ளான். அதற்குப் பின்விரல் கிடையாது. கல்லையும் கடற்பாசியையும் புரட்டிப் பார்ப்பது கல்திருப்பி, குட்டையான ஆரஞ்சுக் கால். பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே கரைக்கல்லில் தனியாக நடப்பது சாதாரண உள்ளான். பறக்கும்போது இறக்கையை விறைப்பாகக் கீழ்நோக்கி வளைத்து நீரை ஒட்டிப் போகும்.

நீரின் ஆழமும் சொல்லும். கொசு உள்ளானுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீருக்கு மேல் தாங்காது. பவளக்காலி கணுக்கால் மறையும்வரை போகும். நெடுங்கால் உள்ளான் மற்றவை நுழைய முடியாத ஆழத்தில் நிதானமாக நடக்கும்.

குழப்பும் இரட்டைகள் சில. பெரிய கோட்டானுக்கு அலகு தலையைப்போல மூன்று மடங்கு, தலையில் கோடு இல்லை. சின்னக் கோட்டானுக்கு அலகு ஏறக்குறைய இரண்டு மடங்கு, உச்சந்தலையில் இரண்டு கருங்கோடு, பறந்தால் ஒரே சுருதியில் ஏழெட்டு முறை வேகமாகச் சீழ்க்கை. பவளக்காலி எழும்பினால் இறக்கையின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளை. பச்சைக்காலிக்கு அது இல்லை, முதுகில் ஆப்புபோல வெள்ளை, அலகு லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும், "டியூ டியூ டியூ" என்று மூன்று முறை கூவும். கருவால் மூக்கனுக்கு இறக்கையில் அகன்ற வெள்ளைப் பட்டை. பட்டைவால் மூக்கனுக்கு இல்லை.

மணல் உப்புக்கொத்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியது, சிறியது என்ற வேறுபாடே அனுபவசாலிகளைத் திணறடிக்கும். போதாததற்குச் சிறியதையும் அண்மையில் சைபீரியம், திபெத்தியம் என்று இரண்டு இனமாகப் பிரித்துவிட்டார்கள். கோடை இறகுகள் முழுதாக இல்லாத பறவையை "மணல் உப்புக்கொத்தி, இனம் தெரியவில்லை" என்று எழுதிவிட்டு நகர்வதில் வெட்கம் இல்லை. ஊகித்து எழுதுவதுதான் வெட்கம்.

ஆலாக்களுக்கு அலகே அடையாள அட்டை. கோடையில் சின்ன ஆலாவுக்கு மஞ்சள் அலகு, நுனி கறுப்பு, நெற்றி வெள்ளை. காஸ்பியன் ஆலா கடற்காகம் அளவு பெரியது, கேரட்போன்ற சிவந்த தடித்த அலகு. பருத்த அலகு ஆலாவுக்குக் குட்டையான கறுப்பு அலகு. மற்ற ஆலாக்களைப்போல் நீரில் குதிப்பது அரிது, சேற்றின் மேல் தாழப் பறந்து நண்டையும் பூச்சியையும் பொறுக்கும். மீசை ஆலா கோடையில் வயிறு கருத்து, கன்னம் மட்டும் வெள்ளையாக இருக்கும். கொண்டை ஆலாக்களில் பெரியதற்கு மஞ்சள் அலகு, சிறியதற்கு ஆரஞ்சு. ஆனால் காலை வெயிலில் இந்த இரண்டு நிறமும் ஒன்றையொன்று ஏமாற்றும். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது உடலளவை ஒப்பிடுங்கள்.

கூடு உங்கள் காலடியில்

கோடைக் கரையில் நடப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் இதுவே முதன்மையானது. உப்புக்கொத்தியின் கூடு என்பது மணலில் ஒரு சிறு குழி, சுற்றிச் சில சிப்பித் துண்டு. முட்டை இரண்டோ மூன்றோ, மணல் நிறம், கறுப்புக் கிறுக்கல்கள். மூன்றடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. சின்ன ஆலாவும் இப்படியே. நெடுங்கால் உள்ளான் சேற்றுத்திட்டில் நான்கு முட்டை இடும்.

இவை எல்லாம் பெரும்பாலும் அலை கொண்டுவந்து ஒதுக்கிய பாசி, குப்பை வரிக்கு மேலேதான் இருக்கும், ஏனென்றால் அதற்குக் கீழே நீர் வந்துவிடும். ஆகவே விதி எளிது: ஈர மணலில் நடங்கள், உலர்ந்த மணலில் ஏறாதீர்கள்.

அடைகாப்பது மூன்று முதல் மூன்றரை வாரம். குளிர் நாடுகளில் முட்டையைச் சூடாக்குவது பிரச்சினை. சுடுமணலில் குளிர்விப்பதுதான் பிரச்சினை. தாயோ தந்தையோ வயிற்றிறகை நீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் நின்று நிழல் தரும். நண்பகலில் நீங்கள் கூட்டுக்கு அருகே சில நிமிடம் நின்றாலே, அதுவரை திறந்து கிடக்கும் முட்டைக்குள் கரு வெந்துபோகக்கூடும். நீங்கள் எதையும் தொடவில்லை, மிதிக்கவில்லை. ஆனாலும் கூடு போய்விடும். காகம் உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும் என்பது வேறு.

பறவையே எச்சரிக்கை தரும். இறக்கை ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு உங்கள் முன்னே தத்தித்தத்தி ஓடினால், கூடோ குஞ்சோ பின்னால் இருக்கிறது. வெறும் மணலில் அடைகாப்பதுபோல் பாவனை செய்தாலும் அப்படியே. ஆலா தலைக்குமேல் பாய்ந்து கத்தினால், ஆட்காட்டி வட்டமடித்துக் கூவினால், வந்த தடத்திலேயே திரும்புங்கள். புதிய வழியில் சுற்றிப் போகாதீர்கள், அங்கே இன்னொரு கூடு இருக்கலாம். பஞ்சுருண்டைபோல் ஓடும் குஞ்சு தனியாக நின்றால் அனாதை என்று எடுத்து வராதீர்கள். உப்புக்கொத்தி, ஆட்காட்டிக் குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்திலேயே கூட்டை விட்டு நடந்து தாமே இரை தேடும். கெண்டிஷ் உப்புக்கொத்தியில் பல நேரங்களில் தாய் இன்னொரு இணை தேடிப் போய்விட, தந்தை மட்டும் அருகில் காவல் நிற்கும்.

ஒதுங்கி நிற்கும் கூட்டத்துக்கு நூறு மீட்டருக்குள் போகாமல் இருப்பது பொதுவான அளவு. கோட்டான் அதைவிடத் தூரத்திலேயே எழும்பிவிடும். மீட்டரைவிடப் பறவையின் நடத்தையே நல்ல அளவுகோல். தூங்கியவை தலை தூக்கினால், மேய்ந்தவை நிறுத்தினால், எல்லாம் ஒரே பக்கம் நடக்கத் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள். இரண்டடி பின்னால் போங்கள். பதிவு செய்த குரலை ஒலிபரப்புவது, ட்ரோன் பறக்க விடுவது இரண்டும் கூடு கட்டும் காலத்தில் வேண்டவே வேண்டாம்.

சேறு, வெயில், மின்னல்

சேற்றுவெளிக்குள் இறங்காமலே நன்றாகப் பார்க்க முடியும். இறங்கியே ஆக வேண்டுமென்றால் தனியாகப் போகாதீர்கள், வற்றத்தின் உச்ச நேரத்துக்குள் திரும்பத் தொடங்குங்கள். நீர் எப்போதும் முன்னாலிருந்து வருவதில்லை. ஓடைகள் வழியே சுற்றி வந்து உங்களுக்குப் பின்னால் நிரம்பிவிடும். கால் புதைந்தால் மற்றக் காலை ஊன்றி இழுக்க முயன்றால் இரண்டும் போகும். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து எடையைப் பரப்பி, காலை மெல்ல ஆட்டி ஆட்டிச் சேற்றுக்குள் நீர் புகவிட்டு வெளியே எடுங்கள். செருப்பு போனால் போகட்டும்.

மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் நீராவது வேண்டும். அகல விளிம்புத் தொப்பி, முழுக்கை, மங்கிய நிறம். வெள்ளைச் சட்டை வெயிலுக்குச் சுகம், பறவைக்கு அபாய விளக்கு. இடி கேட்டதும் முக்காலியை மடக்கிக் கிளம்புங்கள். திறந்த சேற்றுவெளியில் உயரமான பொருள் நீங்கள்தான்.

வெப்பத்தில் தேங்கிய நீரில் சில ஆண்டுகள் போட்டுலிசம் என்ற பாக்டீரிய நச்சு நோய் பரவி, பறவைகள் கழுத்தைத் தூக்க முடியாமல் கிடக்கும். பறவைக் காய்ச்சலும் உண்டு. செத்த பறவையையோ முடங்கிய பறவையையோ கையால் தொடாமல், இடத்தையும் எண்ணிக்கையையும் குறித்து வனவிலங்குத் துறைக்குத் தெரிவியுங்கள்.

வீடு திரும்பியதும் கண்ணாடியைத் துணியால் தேய்க்காதீர்கள். உப்பும் மணலும் பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதி, பிறகு தூரிகையால் தட்டி, நீர்புகாத கருவி என்றால் நல்ல நீரை மெல்ல ஊற்றிக் கழுவி, கடைசியில்தான் மென்துணி. முக்காலியின் கால்களை முழுதாக நீட்டி நல்ல நீரில் அலசிக் காயவைக்காவிட்டால் அடுத்த மாதம் அதன் பூட்டுகள் திறக்காது.

எழுதி வைப்பது

ஒவ்வொரு முறையும் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், ஏற்ற நேரம், காற்றின் திசை ஆகியவற்றை எழுதுங்கள். பறவைப் பெயருக்குப் பக்கத்தில் எண்ணிக்கையோடு அதன் உடையையும் எழுதுங்கள்: முழுக் கோடை இறகு, பாதி உதிர்ந்தது, சாம்பல், செதில்போன்ற விளிம்புகளோடு புத்தம் புதிய இறகு கொண்ட இளம்பறவை. கோடைக் குறிப்புகளில் பெரும்பாலானோர் விட்டுவிடுவது இதைத்தான். "கோட்டான் உள்ளான் 12" என்பது ஒரு எண். "கோட்டான் உள்ளான் 12, அனைத்தும் செங்கல் நிறம், ஜூலை 20" என்றால் அது எந்தக் கூட்டம், எங்கிருந்து கிளம்பியது என்று பேசத் தொடங்கிவிடும்.

2002-இல் தொடங்கிய இபேர்ட் தளத்தில் பட்டியலை ஏற்றலாம். கண்ட எல்லாப் பறவையையும் சேர்த்த முழுப் பட்டியலாகக் கொடுங்கள். அரிதானதை மட்டும் ஏற்றினால் "இல்லாதது" பற்றி யாருக்கும் தெரியாமல் போகும். ஆலாவின் கூட்டு இடத்தைத் துல்லியமாகப் பொதுவில் போடாதீர்கள். படக்கருவியோடு கூட்டம் வந்து நிற்கும்.

பறவையின் காலில் வண்ணக் கொடி கட்டியிருந்தால் அன்றைய நாளின் பெரும் பரிசு அது. எந்தக் கால், காலின் நடுவில் தெரியும் மூட்டுக்கு மேலா கீழா, இரண்டு நிறம் என்றால் மேலே எது, எழுத்து பொறித்திருந்தால் என்ன எழுத்து என்று அங்கேயே நின்று எழுதுங்கள். இடது, வலது என்பது பறவையின் இடது, வலது. எதிரே நிற்கும் பறவையைப் பார்த்து உங்கள் கைப்பக்கமாக எழுதிவிடுவது சாதாரணமாக நடக்கும் பிழை. கிழக்காசிய ஆஸ்திரேலிய வலசைப் பாதையில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம் ஒதுக்கியிருக்கிறார்கள்: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்கு ஆரஞ்சு, நியூசிலாந்துக்கு வெள்ளை. நிறமும் இடமும் சரியாக இருந்தால் கொடி கட்டியவர்களுக்கு அனுப்புங்கள். எங்கே, எந்த நாளில், எந்த வயதில் அதைப் பிடித்துக் கட்டினார்கள் என்ற விவரம் பெரும்பாலும் பதிலாக வந்து சேரும்.